கோட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு காபி

தம்பி,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு இன்று மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். நேற்றுக் காலை குடும்ப குரூப்பில் நீ அனுப்பிய அட்டவணையைப் பார்த்தாலே அது தெரிகிறது. எவ்வளவு அழகாகக் கட்டம் போட்டிருக்கிறாய்! டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பச்சை நிறம், அதில் நிவேதாவின் அம்மா பெயர். மார்ச் முதல் மே வரை மஞ்சள், அதில் 'அம்மா' என்று ஒரே சொல். கீழே ஒரு குறிப்பு வேறு: 'விசா தொண்ணூறு நாள்தான் தருவாங்க. அதனால ரெண்டு ஷிப்டா பிரிச்சிருக்கேன்.' நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுப் படித்து முடிப்பதற்குள் உன் அப்பா கட்டை விரலை உயர்த்திக் காட்டும் அந்தப் பொம்மையைப் போட்டு அனுப்பியாகிவிட்டது. உன் மாமியாரும் கும்பிடு போட்டுவிட்டார். பிறக்கப் போகும் குழந்தைக்கு ஆறு மாத ஏற்பாடு இரண்டு நிமிடத்தில் முடிந்தது. மஞ்சள் கட்டத்தில் இருக்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் உன்னோடு எதைப் பேசி முடித்திருக்கிறேன்? நான் வாயைத் திறக்கும்போது, "அம்மா, ஒரு கால் வருது, அப்புறம் கூப்பிடறேன்" என்பாய். இல்லையென்றால் உன் அப்பா போனை வாங்கி, பீர்க்கன்கரணை ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று உனக்கு வானிலை அறிக்கை வாசிப்பார். இதையெல்லாம் விடப் பெரிய இடைஞ்சல் நான்தான். உன் குரலைக் கேட்டதும் எல்லாவற்றுக்கும் சரிப்பா, சரிப்பா என்று சொல்லிவிடுகிறேன். அதனால்தான் மதியச் சாப்பாடு முடிந்து அவர் தூங்கும் நேரத்தில், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதும்போது நீ குறுக்கே பேச முடியாது.

முப்பத்தொரு வருடம் பெருங்களத்தூரில் ரயில் ஏறி பாரிமுனை ஆபீசுக்குப் போய் வந்தவள் இந்த மார்ச்சில் ஓய்வு பெற்றேன். அன்றைக்கு நீ போனில் சொன்னது எனக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. "அம்மா, ஜூலைல ரெண்டு பேரும் சைப்ரஸ் வர்றீங்க. பதினெட்டு நாள். இது உன்னோட ரிட்டையர்மெண்ட் கிஃப்ட். நீ ஒரு துரும்பைக் கூட நகர்த்தக் கூடாது. கடலைப் பாத்துக்கிட்டு உக்காந்திரு, போதும்." நான் அதை அடுக்ககம் முழுக்கச் சொன்னேன். மாடியில் துணி உலர்த்தும்போது சொன்னேன், ரேஷன் கடையில் சொன்னேன். பிரிந்து கிடக்கும் ஒரு தீவு, ஒரு பக்கம் கிரேக்கர்கள், இன்னொரு பக்கம் துருக்கியர்கள், நடுவில் கோடு, சுற்றிலும் நீலக் கடல் என்று நீ அனுப்பிய வீடியோவைப் பார்க்காதவர்கள் எங்கள் தெருவில் கிடையாது.

பிறகு பட்டியல் வந்தது. மாவு அரைக்க மேஜை கிரைண்டர், இட்லித் தட்டு, சாம்பார் பொடி இரண்டு கிலோ, வத்தக் குழம்புப் பொடி, புளி, வடகம், உன் நண்பர்களுக்கு மூன்று வகை ஊறுகாய். இரண்டு பெட்டி நிறைந்து போய், என் உடைக்கு மிஞ்சியது நான்கு புடவைக்கான இடம். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். கடலைப் பார்த்துக்கொண்டு உட்காரப் போகிறவளுக்கு எதற்குக் கிரைண்டர்?

வந்த மறுநாளே வெள்ளிக்கிழமை. "ஆபீஸ் பசங்க ஆறு பேர் வர்றாங்கம்மா, உன் கை சாப்பாட்டுக்காக ஒரு வருஷமா காத்துக்கிட்டிருக்காங்க" என்றாய். பாவம், வீட்டை விட்டு வந்த பிள்ளைகள் என்று நானும் உற்சாகமாகத்தான் செய்தேன். அடுத்த நாள் மிச்சம் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. திங்கள் முதல் உனக்கும் நிவேதாவுக்கும் டிபன் டப்பா. நிவேதாவுக்கு நான்காம் மாதம், தாளிக்கிற வாசனையே அவளுக்கு ஆகவில்லை. அவள் ஒரு நாள் அடுப்படிக்கு வந்து, "அத்தை, நீங்க கொஞ்சம் உக்காருங்க, நான் பாக்கறேன்" என்றாள். "நீ போம்மா, ஆபீஸ்லேந்து இப்பதான வந்திருக்க" என்று நான்தான் விரட்டினேன். நீ எதிரே சோபாவில் உட்கார்ந்து உன் அப்பாவோடு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தாய். உன்னை நான் விரட்டவில்லை, உன்னைக் கூப்பிடவும் இல்லை. அது என் புத்தியில் வரவே இல்லை.

நீ இருக்கும் நிக்கோசியாவில் கடல் கிடையாது என்பதே எனக்கு அங்கே வந்துதான் தெரியும். ஜூலையில் அந்த ஊர் தாம்பரத்தின் கத்திரி வெயிலைத் தூக்கிச் சாப்பிடுகிறது. கடல் லார்னகாவில் இருந்தது. இரண்டாவது சனிக்கிழமை மூன்று காரில் போனோம், பன்னிரண்டு பேர். நான் விடியற்காலையில் எழுந்து எலுமிச்சை சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் கட்டினேன். அங்கே போனதும் நீ குடை நட்டு, அதன் கீழே என்னை உட்கார வைத்து, "அம்மா, பை பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் ஓடினாய். பன்னிரண்டு பேருடைய பை, பர்ஸ், போன், செருப்பு. உன் அப்பா கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீரில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். நான்கு மணி நேரம் நான் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது நீ, "எப்டிம்மா இருந்துச்சு கடல்?" என்று கேட்டாய். நன்றாக இருந்தது என்றேன்.

இனி அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். உன் பக்கத்துக் கதையை நீ எல்லோரிடமும் சொல்லிவிட்டாய். 'அம்மா எல்லை தாண்டிட்டாங்க' என்று குரூப்பில் சிரிப்புப் பொம்மையோடு போட்டாய். என் பக்கத்துக் கதையை நீ கேட்டதே இல்லை.

வெள்ளிக்கிழமை தோசைக்கு ஆள் வருகிறார்கள் என்று முன்னேற்பாடாக அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டிருந்தேன். கொத்தமல்லி தீர்ந்துவிட்டது. பழைய ஊருக்குள் நம் நாட்டுக்காரர் கடை இருக்கிறது என்று நீ காட்டியிருந்ததால், உன் அப்பாவிடம் சொல்லிக்கொண்டு பத்து மணிக்குக் கிளம்பினேன். அவர் யூடியூபில் நம் ஊர்ச் செய்தி பார்த்துக்கொண்டே தலையாட்டினார். எப்போதும் பாஸ்போர்ட்டைக் கைப்பையிலேயே வை என்று நீ சொல்லியிருந்தாய், வைத்திருந்தேன். கொத்தமல்லி வாங்கியாகிவிட்டது. வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஆனால் அந்தக் கடைத்தெருவில் எல்லோரும் ஒரே திசையில் மெதுவாக, கை வீசிக்கொண்டு நடந்தார்கள். நானும் நடந்தேன். தெருவின் முடிவில் தீவைப் பிரிக்கும் அந்தக் கோடு, அங்கே ஒரு கூண்டு, அதற்குள் ஒரு போலீஸ் பெண். முன்னால் நின்றவர்கள் பாஸ்போர்ட்டைக் காட்டினார்கள், நானும் காட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், கொத்தமல்லிக் கட்டைப் பார்த்தாள், போ என்று கையசைத்தாள். தெரியாமல் போய்விட்டேன் என்று அன்று உன்னிடம் சொன்னேன் இல்லையா, அது பொய். தெரிந்துதான் போனேன். உன் வீடியோவில் அந்தக் கூண்டைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு கூண்டுகளுக்கு நடுவே சிறிது தூரம் யாருக்கும் சொந்தமில்லாத இடம். சன்னல் இல்லாத வீடுகள், மாடியில் செடி முளைத்துக் கிடந்தது. ஒரு காலத்தில் அங்கேயும் ஒருத்தி கொடியில் துணி காயப் போட்டிருப்பாள் என்று நினைத்தேன். அதைத் தாண்டினால் இன்னொரு போலீஸ், இன்னொரு பாஷை, வேறு நாட்டுக் கொடி. என் போனில் சிக்னல் போய்விட்டது. எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இங்கே என்னை யாராலும் கூப்பிட முடியாது என்று நினைத்ததும் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி வந்தது. அதை உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

சந்தைக்குப் பக்கத்தில் கல்லால் கட்டிய பழைய சத்திரம் ஒன்று, சுற்றிலும் வளைவு வளைவாகத் தூண்கள், நடு முற்றத்தில் மர நிழலில் மேஜை நாற்காலி. ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். பரிமாறுகிறவர் வந்தார். "காபி" என்றேன். எத்தனை என்று விரலைக் காட்டிக் கேட்டார். ஒன்று என்றேன். தம்பி, அறுபது வயதில் அதுதான் நான் தனியாக ஒரு கடையில் உட்கார்ந்து, எனக்கு மட்டும் என்று கேட்டு வாங்கிய முதல் காபி. முப்பத்தொரு வருடம் பாரிமுனையில் எத்தனையோ ஓட்டல்களைத் தாண்டி நடந்திருக்கிறேன். ஒரு நாள் கூட உள்ளே போய்த் தனியாக உட்கார்ந்ததில்லை. ரயில் போய்விடும், வீட்டில் மாவு புளித்துவிடும், நீ பள்ளியிலிருந்து வந்துவிடுவாய். அந்தக் காபி கசப்பாக, அடியில் மண்டி மண்டியாக இருந்தது. குடித்து முடித்ததும் பழக்க தோஷத்தில் கோப்பையைக் கழுவ எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அந்த மனிதர் பதறி ஓடி வந்து என் கையிலிருந்து அதைப் பிடுங்கி, சிரித்து, என்னை மறுபடி உட்கார வைத்துவிட்டுப் போனார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு காபி சொன்னேன். இரண்டரை மணி நேரம் அங்கே இருந்தேன். புறாக்கள் இருந்தன. ஒரு வேலையும் இல்லை. நீ எனக்குக் கொடுப்பதாகச் சொன்ன விடுமுறை அந்த இரண்டரை மணி நேரம்தான், அதையும் உனக்குத் தெரியாமல் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

திரும்பி வரும்போது இந்தப் பக்கத்துப் போலீஸ் என் விசாவை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு விட்டார். கூண்டைத் தாண்டியதும் போன் உயிர் பெற்று, விடாமல் அடித்த உன் அழைப்புகளை எல்லாம் வரிசையாகக் காட்டியது. நிமிர்ந்து பார்த்தால், என் போன் கடைசியாகக் காட்டிய இடத்தைத் தேடி வந்து நீயே நிற்கிறாய், முகம் சிவந்து, பக்கத்தில் நிவேதா. "அறிவிருக்காம்மா உனக்கு? சிங்கிள் என்ட்ரி விசா! திரும்பி விடலன்னா என்ன பண்ணியிருப்ப?" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாய். அது வரைக்கும் சரி. பயந்துவிட்டாய், அம்மாவைக் காணோம் என்ற பயத்தில் யாரும் கத்துவார்கள். நானாக இருந்தாலும் கத்தியிருப்பேன். அதற்கு அடுத்து ஒன்று சொன்னாயே: "அப்பா அங்க பசியோட உக்காந்திருக்காரு!"

பிரிட்ஜில் சாம்பார் இருந்தது. குக்கரில் சாதம் இருந்தது. தட்டு அவர் தலைக்கு நேர் மேலே இருந்தது.

அந்த ஒரு வாக்கியம் மூன்று மாதமாக எனக்குள் கொதித்துக்கொண்டிருக்கிறது. அதைவிட அதிகமாக என்னை எரிச்சல் படுத்துவது அதற்கு நான் சொன்ன பதில். "சாரிப்பா" என்றேன். வீட்டுக்கு வந்து உன் அப்பாவுக்குச் சோறு போட்டேன், மாவை அரைத்தேன், வெள்ளிக்கிழமை எட்டுப் பேருக்குத் தோசை வார்த்தேன். ஊருக்குத் திரும்பிய மறுநாள் நம் வாசலில் கீரை விற்கிற அம்மா என்னைப் பார்த்து, "இன்னாக்கா, ரெஸ்ட் எடுக்கப் போறேன்னு போயி துரும்பா வந்து நிக்கிற? அங்க சோறு கீறு போடலியா?" என்று கேட்டாள். சோறு போட்டதே நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்து, சிரித்துச் சமாளித்துவிட்டேன்.

உன்னைத் திட்டுவது எனக்கு எளிது. ஆனால் உன்னை இப்படிச் செய்தது யார் என்று யோசித்தால், கை என் பக்கம்தான் திரும்புகிறது. வெள்ளம் வந்த வருடம் நாம் முடிச்சூரில் தரைத் தளத்தில் குடியிருந்தோம், நினைவிருக்கிறதா? நீ கல்லூரியில் மூன்றாம் வருடம். மாடி வீட்டில் பதினான்கு பேர் நான்கு நாள் அடைந்து கிடந்தோம். படகில் வந்து ரொட்டிப் பாக்கெட் கொடுத்தார்கள், ஆளுக்கு நாலு துண்டு. நீ உன்னுடையதைத் தின்றுவிட்டு என்னைப் பார்த்தாய். "எனக்குப் பசிக்கலப்பா, நீ சாப்பிடு" என்றேன். கொலைப் பசி எனக்கு. நீ நம்பினாய், சாப்பிட்டாய். அடுத்த மூன்று நாளும் அப்படியே. அதைப் பிறகு எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்! பிள்ளைக்காக வயிற்றைக் கட்டியவள் என்ற பேர் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அதற்கும் முன்னால், உனக்குப் பன்னிரண்டு வயதில் நீ சாப்பிட்ட தட்டைக் கழுவப் போனாய். "வை கீழே, ஆம்பளப் பிள்ளைக்கு இது என்ன வேலை" என்று பிடுங்கினேன். நீ கற்றுக்கொள்ளத் தயாராக இருந்த நாள் அது. கெடுத்தவள் நான். தீபாவளிக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் கேட்பாய், ஒண்ணும் வேணாம்பா என்பேன். அம்மா என்பவளுக்கு எதுவுமே வேண்டியிருக்காது என்று நீ முடிவு கட்டினால், அதில் உன் தப்பு பாதிதான்.

நீ இதற்கு ஒரு கேள்வி வைத்திருப்பாய், எனக்குத் தெரியும். என்னை மட்டும் யார் வளர்த்தது என்பாய். சரிதான். நீ பள்ளிக்கூடம் சேரும் வரை என் அம்மா செங்கல்பட்டிலிருந்து தினமும் முதல் ரயிலைப் பிடித்து வந்து உன்னைப் பார்த்துக்கொண்டாள். வர முடியுமா என்று நானும் அவளைக் கேட்கவில்லை. அவளுக்கு அதில் அலுப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியாது, கேட்க அவளும் இப்போது இல்லை. நான் செய்ததையே நீயும் செய்கிறாய் என்பதற்காக அது நியாயம் ஆகிவிடாது.

இந்தக் கடிதம் இத்தோடு முடிந்திருக்கும். நான் வரவில்லை, மஞ்சள் கட்டத்திலிருந்து என் பெயரை எடு என்று எழுதி, கோபம் தீர்ந்து, கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் எழுத உட்காருவதற்கு முன்னால் நிவேதாவைப் போனில் கூப்பிட்டேன். நான் வரவில்லை என்பதை முதலில் அவளிடம்தான் சொல்ல வேண்டும், குழந்தை பெறப் போகிறவள் அவள்.

"உன்கிட்ட கேட்டுத்தான் இதைப் போட்டானாம்மா?" என்றேன்.

"இல்ல அத்தை, போட்டுட்டுதான் காமிச்சார்."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. 'உனக்கு வேற ஏதாவது வேணுமா'ன்னு கேட்டார். ஒண்ணும் வேணாம்னுட்டேன்."

பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க அத்தை. நீங்க வந்தாலும் எனக்கு சந்தோஷம், எங்கம்மா வந்தாலும் சந்தோஷம். ஆனா அவர் ஒரு மாசம் லீவு போட்டு என்கூட இருந்தா போதும்னு இருக்கு. குழந்தையைத் தூக்கவே எனக்குப் பயமா இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து கத்துக்கலாம்னு நினைச்சேன். அவர் எல்லாத்தையும் பிளான் பண்ணிட்டார், அதுல அவர் பேரே இல்ல."

நான் மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் அட்டவணையைப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. ஆறு மாதத்தில் ஒரு கட்டத்திலும் உன் பெயர் இல்லை. எனக்கு என் பெயர் மட்டும்தான் கண்ணில் பட்டிருந்தது. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள். சொல்லத்தான் போகிறேன் என்று அவளிடமே சொல்லிவிட்டேன்.

ஆகவே கேள். மூன்று மாத ஷிப்டுக்கு நான் வரப் போவதில்லை. உன் அப்பாவின் கட்டை விரலை அவரே இறக்கிக்கொள்ளட்டும், அதை நான் பேசிக்கொள்கிறேன். நீங்கள் இருவரும் சேர்ந்து கூப்பிட்டால், வெயில் ஏறுவதற்கு முன் இருபது நாள் வருகிறேன். கிரைண்டர் வராது. பேரப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வேன், குளிப்பாட்டுவது நீ. லார்னகாவுக்கு ஒரு நாள் அழைத்துப் போ, நான் கடலில் இறங்க வேண்டும், பை நீ பார்த்துக்கொள். இதைக் கேட்டு உனக்குக் கோபம் வரலாம், பேரனையோ பேத்தியையோ எனக்குக் காட்டாமல் இருந்துவிடுவாயோ என்று எனக்குப் பயமாகவும் இருக்கிறது. அந்தப் பயத்தோடுதான் எழுதுகிறேன்.

ஆனால் என் விஷயம் பிறகு. முதலில் போனை வைத்துவிட்டு நிவேதா பக்கத்தில் போய் உட்கார். என்ன வேண்டும் என்று கேள். ஒண்ணும் வேணாம் என்பாள், உன் அம்மா குரலிலேயே சொல்வாள். நான் சொன்னதை முப்பது வருடம் நம்பிவிட்டாய். அவள் சொன்னால் ஒரு நாள் கூட நம்பாதே.

அம்மா